ஹராம் இரண்டு, சட்டம் இரண்டு: சாராயமும் கஞ்சாவும்

போதைக்கு எதிரான ஜும்ஆப் பிரசங்கங்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். சாராயம், கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாமே ஹராம் என்று உலமாக்கள் எடுத்துரைக்கிறார்கள். மார்க்கத்தின் பார்வையில் அது சரி. ஆனால் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், நாட்டின் சட்டம் இவற்றை ஒரே வரிசையில் வைக்கவில்லை என்பது தெரியும். சாராயத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டு, வரி உண்டு, போயா தினத்தில் பூட்டப்படும் கடை உண்டு. கஞ்சாவுக்கோ சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தாலே கைது, வழக்கு, தண்டம்.

சீனன்குடா, வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர் என்று இந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எமக்கு இந்த வேறுபாடு ஏட்டில் படிக்கும் விடயம் அல்ல. கடற்றொழிலுக்கும் கூலி வேலைக்கும் போகிற, ஆலைகளில் வேலை தேடுகிற, மத்திய கிழக்குக்கு விமானம் ஏறக் காத்திருக்கிற இளைஞர்கள் எமது வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சாராயம் குடித்தால் அது குடும்பத்தின் கவலை. ஒரு கஞ்சா பீடியுடன் பிடிபட்டால் அது பொலிஸ் பதிவேட்டில் ஏறுகிறது. மார்க்கம் இரண்டையும் ஒரே பாவமாகப் பார்க்க, நாட்டில் ஒன்று வியாபாரமாகவும் மற்றது குற்றமாகவும் ஆனது எப்படி? மதுவைத் தடை செய்த நாடுகளின் அனுபவம் கஞ்சாச் சட்டத்தைப் பற்றி எமக்கு என்ன சொல்கிறது? இவ்விரண்டையும் விளங்கிக்கொள்வது பெற்றோருக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் அவசியம்.

வெள்ளையர் விட்டுச் சென்ற இரண்டு சட்டங்கள்

இலங்கையில் மதுவை ஆள்வது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். அதன் பெயரிலேயே நோக்கம் இருக்கிறது: மதுவை ஒழிப்பதற்காக அல்ல, மதுவிலிருந்து வரி எடுப்பதற்காக வந்தது அது. அதன்பின் ஊருக்கு ஊர் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1904இல் தொடங்கி 1912இல் மீண்டும் எழுந்த மதுவொழிப்பு இயக்கத்தில்தான் டீ. எஸ். சேனாநாயக்க போன்ற பிற்காலத் தலைவர்கள் பொதுவாழ்வுக்கு வந்தார்கள். ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் பகுதித் தவறணையை மூடும் முறையும் பின்னர் வந்தது. ஆக, மதுவுக்கு எதிரான போராட்டம் இந்நாட்டில் எமக்கு மட்டும் உரியதல்ல. பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதில் நின்றிருக்கிறார்கள்.

கஞ்சாவின் கதை வேறு. 1924-25இல் ஜெனீவாவில் அபின் தொடர்பான சர்வதேச மாநாடு நடந்தபோது, ஹஷீஷையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தியது எகிப்தின் பிரதிநிதி அல்-குவிந்தி. ஒரு முஸ்லிம் நாடு முன்வைத்த கோரிக்கை அது. 1925ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இந்தியக் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1984இல் கடுமையாகத் திருத்தப்பட்டு, 2022இல் ஐஸ் போதைப்பொருளையும் சேர்த்துக்கொண்டு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். அனுமதியின்றிக் கஞ்சாவை வைத்திருப்பதே அச்சட்டத்தின்கீழ் குற்றம்.

இங்கேதான் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. மதுச் சட்டம் முதலில் விற்பனையைப் பார்க்கிறது. கஞ்சாச் சட்டம் வைத்திருப்பவரையும் பார்க்கிறது. சாராயத்தில் இதற்கு நிகரானது கசிப்பு. அதை வைத்திருப்பதும் குற்றம்.

அமெரிக்கா எவரைத் தண்டித்தது?

மதுவிலக்கு என்றதும் எல்லோரும் அமெரிக்காவை உதாரணம் காட்டுவார்கள். 1920 ஜனவரியில் அங்கு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பரில் அரசியலமைப்பைத் திருத்தி அதை நீக்கினார்கள். மதுவிலக்கு தோற்றது, ஆகவே கஞ்சாத் தடையும் தோற்கும் என்று வாதிடுவோர் உலகெங்கும் உண்டு.

இந்த வாதத்தில் இரண்டு விடயங்கள் விடுபட்டுப்போகின்றன. முதலாவது, மதுவிலக்கு முழுத் தோல்வி அல்ல. ஆரம்ப ஆண்டுகளில் மது அருந்துவது முன்பிருந்த அளவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தது என்றும், பின்னர் 60 - 70 சதவீதம் வரை திரும்ப ஏறியது என்றும் பொருளியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள். குடியால் வரும் ஈரல் நோய் மரணங்களும் அக்காலத்தில் குறைவாகவே இருந்தன. தடை என்பது ஒன்றுக்கும் உதவாது என்று சொல்வது சரியல்ல.

இரண்டாவது விடயம் எமக்கு இன்னும் முக்கியமானது. அமெரிக்காவின் அந்தச் சட்டம் மது தயாரிப்பதையும் விற்பதையும் கடத்துவதையும்தான் தடை செய்தது. தன் வீட்டில் சொந்தத் தேவைக்கு மது வைத்திருந்தவரையும் அதைக் குடித்தவரையும் அது குற்றவாளியாக்கவில்லை. அந்தச் சட்டத்தின் குறி வியாபாரி மீது இருந்தது. பிற்காலத்தில் வந்த கஞ்சாச் சட்டங்களோ பாவிப்பவனின் பையைச் சோதிக்கும் வேலையைப் பொலிஸாரிடம் ஒப்படைத்தன. ஆகவே பழைய மதுவிலக்கையும் இன்றைய கஞ்சாச் சட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அரைகுறை ஒப்பீடு.

பீஹார் சொல்லும் பாடம்

குடிப்பவரையே சிறையில் போடும் மதுவிலக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பக்கத்திலுள்ள இந்தியாவின் பீஹார் மாநிலத்தைப் பார்க்கலாம். 2016 ஏப்ரலில் அங்கு முழு மதுவிலக்கு வந்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் பெரும்பாலும் பெண்கள். குடிகாரக் கணவன்மாரிடம் அடிவாங்கிச் சலித்த ஏழைப் பெண்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கு குடி குறைந்ததுடன் பெண்கள் மீதான வீட்டு வன்முறையும் குறைந்ததாகக் காட்டியது. இது சிறிய நன்மை அல்ல.

ஆனால் அந்தச் சட்டம் விற்பவரோடு குடித்தவரையும் சிறைக்கு அனுப்பியது. இலட்சக்கணக்கில் கைதுகள் நடந்தன. நீதிமன்றங்கள் வழக்குகளால் நிரம்பின. இந்தியாவின் பிரதம நீதியரசராக இருந்த என். வி. ரமணா, முன்யோசனையின்றிச் சட்டம் இயற்றுவதற்கு இதை ஓர் உதாரணமாக 2021 டிசம்பரில் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் தடவை குடித்துப் பிடிபடுபவர் 2,000 முதல் 5,000 ரூபா வரை தண்டம் கட்டிவிட்டு வீடு திரும்பலாம் என்றானது. மதுவிலக்கு நீங்கவில்லை. விற்பவருக்கான தண்டனையும் நீங்கவில்லை. குடிப்பவரைப் பிடித்து அடைக்கும் பகுதியிலிருந்துதான் அரசு பின்வாங்கியது.

எமது நாட்டின் கஞ்சாச் சட்டம் இன்னும் அந்தப் பின்வாங்கலுக்கு வரவில்லை.

ஒரு பொட்டலத்தின் விலை

ஒரு பத்தொன்பது வயதுப் பையனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நண்பர்களோடு சேர்ந்து கஞ்சா புகைக்கப் பழகியிருக்கிறான். வீதிச் சோதனையில் அவனது பையில் ஒரு சிறு பொட்டலம் அகப்படுகிறது. நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் தண்டத்தோடு முடிந்துவிடும். இதில் என்ன பெரிய பாதிப்பு என்று சிலர் கேட்கலாம்.

தண்டம் கட்டப் பணம் இருக்கிற குடும்பத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுச் செல்வோரில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. அந்தச் சிறைகளில் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் அடைபட்டிருக்கிறார்கள். கஞ்சா பீடியோடு உள்ளே போகிற பையன் அங்கே ஹெரோயின், ஐஸ் வியாபாரத்தில் பழுத்தவர்களோடு ஒரே கூடத்தில் படுக்க வேண்டியிருக்கிறது. வெளியே வந்தபின் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் ரிப்போட் எடுக்கப் போனால் அந்தப் பழைய தீர்ப்பு குறுக்கே நிற்கலாம். கஞ்சா அவனது உடலுக்குச் செய்த கேட்டைவிட, வழக்கு அவனது வாழ்க்கைக்குச் செய்த கேடு பெரிதாகிவிடுகிறது.

2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையை நாம் மறந்திருக்க மாட்டோம். சில வாரங்களுக்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதாகச் செய்திகள் வந்தன. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள், பிடியாணையற்ற தேடுதல்களையும் கைதானோர் நடத்தப்பட்ட விதத்தையும் சுட்டிக்காட்டி அந்த நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள். அத்தனை ஆயிரம் பேரில் பெரிய முதலாளிகள் எத்தனை பேர், பாவனைக்கு அடிமையானவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை எமது சமூகம் உரத்துக் கேட்கவில்லை. போதைக்கு எதிரானது என்றவுடன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டோம்.

இன்னொரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். ஆயுர்வேத மருந்துக்குக் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இடமளிக்கவும் 2025இல் அரசாங்கம் முன்வந்தது. மதுவிலோ, 2024இல் மட்டும் 300க்கும் அதிகமான புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்ட விபரம் அவ்வருடம் டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளிவந்தது. பெரிய அளவில் செய்தால் முதலீடு, அனுமதிப்பத்திரம் இருந்தால் வருமானம், ஏழைப் பையனின் பையில் இருந்தால் குற்றம் என்றாகிவிட்டது.

அப்படியானால் சட்டபூர்வமாக்குவதா?

இல்லை. கஞ்சாவைக் கடையில் விற்கவிடுவதுதான் தீர்வு என்று சொல்வோர் சாராயத்தைப் பார்க்க வேண்டும். சட்டபூர்வமான மதுசாரம் 2019இல் உலகம் முழுதும் 26 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. விற்பனை சட்டபூர்வமானவுடன் அதற்கு விளம்பரம் வருகிறது, அரசியல் செல்வாக்கு வருகிறது, அரசாங்கமே அதன் வரியில் தங்கியிருக்கும் நிலை வருகிறது. அதன்பின் அதைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு எமது மதுவரித் திணைக்களமே சாட்சி. அதே நேரம், கடைச் சாராயத்தின் விலை ஏறினால் ஏழை கசிப்பை நாடுகிறான். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது, அரசே மதுக்கடை நடத்தும் மாநிலத்தில்தான். கடை திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதமும் முழு உண்மை அல்ல.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்று வருடங்கள் கழித்து, 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பவும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பதின்ம வயதில் தொடர்ந்து கஞ்சா பாவிப்பது மனநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் மருத்துவம் உறுதியாகச் சொல்லும் விடயம். ஆகவே விற்பனைக்குக் கதவு திறப்பதை நாம் ஆதரிக்க முடியாது.

விற்பனையை அனுமதிப்பது ஒரு கேள்வி. பாவித்தவனைக் குற்றவாளியாக்குவது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு 'கூடாது' என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதற்கும் 'கூடாது' என்று சொல்லலாம். 2001 முதல் போர்த்துகல் செய்வது இதைத்தான். அங்கே போதைப்பொருள் இன்னும் தடைசெய்யப்பட்டதே; விற்பவர் சிறை செல்கிறார். பத்து நாள் பாவனைக்குரிய அளவுக்குள் வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்கு அல்ல, மருத்துவம், சமூகசேவை, சட்டம் தெரிந்தவர்கள் அடங்கிய ஓர் ஆணைக்குழுவின் முன் செல்கிறார். சிகிச்சை தேவையா என்று அங்கே பார்க்கிறார்கள்.

எமது இமாம்கள் பிரித்துப் பார்த்த விடயம்

ஹராமான ஒன்றுக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்வது ஹராத்தை இலேசாக்குவது ஆகாதா என்ற தயக்கம் எம்மில் பலருக்கு வரும். எமது மார்க்க அறிஞர்கள் இதை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹஷீஷ் முஸ்லிம் நாடுகளில் பரவியபோது அது கூடாது என்பதில் பெரும் இமாம்கள் உடன்பட்டார்கள். தண்டனை என்ன என்பதில் கருத்து வேறுபட்டார்கள். மதுவுக்குரிய அதே ஹத்துத் தண்டனை இதற்கும் உண்டு என்பது இமாம் இப்னு தைமிய்யாவின் நிலைப்பாடு. எகிப்தைச் சேர்ந்த மாலிக்கி அறிஞர் அல்-கராஃபி (மரணம் 1285) அதை வேறு வகையாகப் பிரித்து, நிலைமைக்கேற்ப நீதிபதி தீர்மானிக்கும் தஃஸீர்தான் இதற்கு உரியது என்றார். ஒரு செயல் ஹராமா என்பதும், அதற்கு உலகில் என்ன தண்டனை என்பதும் இரண்டு வெவ்வேறு விவாதங்கள் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மது விடயத்தில் சபிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். குடிப்பவர் அதில் ஒருவர். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று மற்றவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். அதன் விலையை உண்பவர்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. மீண்டும் மீண்டும் குடித்துப் பிடிபட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்த சம்பவமும் எமக்குத் தெரியும். அவருக்குத் தண்டனை இருந்தது. ஆனால் சமூகத்தின் வாசல் அவருக்கு மூடப்படவில்லை.

மதீனாவில் மதுவிலக்கு ஒரே நாளில் வரவில்லை என்பதும் இங்கே நினைவுகூர வேண்டியது. கட்டம் கட்டமாக வந்தது. உள்ளங்கள் தயாரான பிறகு இறுதித் தடை வந்தபோது, மக்கள் தாமாகவே மதுவைத் தெருவில் கொட்டினார்கள். வீடு வீடாகச் சோதனை போடத் தேவைப்படவில்லை.

இங்கே, எமது ஊரில்

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் இருக்கின்ற சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்ப வழி செய்கிறது. பிள்ளை பிடிபட்டால் எப்படியாவது தண்டத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதோடு பல பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். அடிமைப்பட்ட பிள்ளைக்குத் தண்டம் மருந்தல்ல. சட்டத்தரணியிடம் இந்த வழியைப் பற்றிக் கேளுங்கள். வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதேவேளை புனர்வாழ்வு என்ற பெயரில் நடப்பதெல்லாம் சிகிச்சை அல்ல என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2022 ஜூனில் கந்தக்காடு நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும், பாதுகாப்புப் படையினர் சிலர் கைதானதும் நாடறிந்தவை. பிள்ளை எங்கே அனுப்பப்படுகிறான் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

இரண்டாவது, பிரச்சினை வழக்காக மாறும் முன்னரே உதவி தேட வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். மானம் போய்விடும் என்று மறைத்து வைக்கும் மாதங்களில்தான் கஞ்சா ஐஸாக மாறுகிறது.

மூன்றாவது, பள்ளிவாசல் நிர்வாகங்கள் பாவித்தவனையும் விற்பவனையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. பிடிபட்ட பையனின் பெயரை ஊரறியச் சொல்லி, குடும்பத்தை ஒதுக்கி வைத்தால் அவனை வரவேற்க மிஞ்சியிருப்பது வியாபாரியின் கூட்டம் மட்டுமே. விற்பவனைப் பற்றிய தகவலை உரிய இடத்தில் கொடுப்பதும், பாவித்தவனைத் தொழுகை வரிசையில் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதும் ஒரே நிர்வாகம் செய்யக்கூடிய இரண்டு வேலைகள்.

நான்காவது, சாராயத்தை விட்டுவிடக்கூடாது. பாடசாலைக்கும் வணக்கத்தலத்துக்கும் அருகில் மதுக்கடை அமைப்பதற்குத் தூரக் கட்டுப்பாடுகள் உள்ளன. புதிய அனுமதிப்பத்திரத்துக்கு எதிராகப் பிரதேச செயலகத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இதில் எமது தமிழ், சிங்கள அயலவர்களும் எம்மோடு நிற்பார்கள். நூறு வருடங்களுக்கு முன் தவறணைகளை மூடியவர்கள் எல்லா மதத்தவரும்தான். கஞ்சா பீடிக்காக ஒரு பையனைக் கண்டிக்கும் அதே குரலில், அனுமதிப்பத்திரத்துக்குச் சிபாரிசு செய்யும் அரசியல்வாதியையும் நாம் கண்டிக்க வேண்டும்.

அமெரிக்காவும் பீஹாரும் போர்த்துகலும் வெவ்வேறு இடங்கள், வெவ்வேறு காலங்கள். ஆனால் மூன்றிலும் தெரிகிற ஒன்று உண்டு. போதைக்கு எதிரான சட்டம் வியாபாரத்தின் மீது பாயும்போது மக்களுக்கு ஓரளவாவது பயன் கிடைக்கிறது. பாவிப்பவர் மீது பாயும்போது சிறையும் நீதிமன்றமும் நிரம்புகின்றன, வியாபாரி அடுத்த பையனைத் தேடிப் போய்விடுகிறான். எமது பிள்ளைகளை ஹராத்திலிருந்து காக்க வேண்டும் என்பதில் எமக்குள் இரு கருத்து இல்லை. அந்தப் பிள்ளைகளைச் சிறைக் கூடத்திலிருந்தும் காக்க வேண்டும் என்பதிலும் இரு கருத்து இருக்கக்கூடாது.

அல்லாஹ் எமது இளைஞர்களைப் பாதுகாப்பானாக.